மாட்டைக் கேட்டு விதை வாங்கணும்

புரட்டாசி பொறந்து நாலு நாளாச்சு. ரெண்டு மழை கெடைச்சிருக்கு. மேட்டாங்காட்டுல ரெண்டு உழவு ஓட்டிப் போட்டாச்சு. மண்ணைக் கையில அள்ளி அமுக்கினா உருண்டை புடிக்குது. இன்னும் ஒரு மழை பேஞ்சா விதைச்சுடலாம். ஆனா விதைச் சோளம் இன்னும் வீட்டுக்கு வந்து சேரலை. எந்தச் சோளத்தை விதைக்கறதுன்னு எனக்கும் அம்மாவுக்கும் பத்து நாளா பேச்சு ஓடிட்டிருக்கு.

சென்னையில இருக்கற நண்பர் ஒருத்தர் போன்ல பேசும்போது இதைச் சொன்னேன். "இதுல யோசிக்க என்னங்க இருக்கு? பாரம்பரிய விதையைப் போடுங்க. வெளைஞ்சதும் நானே வாங்கிக்கறேன்"ன்னார்.

"எதை வாங்கிக்குவீங்க?"

"சோளத்தைத்தான்."

"தட்டை யாரு வாங்குவாங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தட்டுன்னா?"ன்னு கேட்டார்.

அவர் மேல தப்பில்லை. நகரத்துக்கு வர்ற சோளம் அரைக்கிலோ பாக்கெட்டுல தவிட்டு நெறத்துல ஒரு ஜன்னல் வெச்சு வருது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சதுக்கு அப்புறம் அந்தப் பாக்கெட் இன்னும் அழகாயிடுச்சு. ஆனா அந்த மணி எந்தச் செடியில, எத்தனை உயரத்துல தொங்கிச்சு, அறுத்ததுக்கு அப்புறம் அந்தச் செடி எங்க போச்சுன்னு பாக்கெட்டுல போடறதில்லை. எங்க ஊருல அந்தச் செடிதான் முதல். மணி அப்புறம்.

எங்க ஊரு காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவுல இருக்கு. மேற்கு மலை மழையை மறைச்சுக்கற பக்கம். ஆத்துப் பாசனம் எங்களுக்கு இல்லை. கெணத்துல இருக்கற தண்ணி அரை ஏக்கருக்குப் பத்தும், அதுவும் பங்குனி வரைக்கும். மிச்சம் மூணரை ஏக்கர் மானாவாரி. அதுல புரட்டாசியில சோளம் விதைச்சு, கார்த்திகை கடைசியில கதிர் வந்து பால் புடிக்கற நேரத்துல அறுத்து, காய வெச்சு, கட்டு கட்டி, தைக்குள்ள போர் போட்டுடணும். அந்தத் தட்டுப் போர்தான் அடுத்த ஆடி வரைக்கும் மாட்டுக்குச் சோறு. மணி முத்தற வரைக்கும் விட்டா தட்டு வெறகாயிடும், மாடு திங்காது. அதனால மணிக்குன்னு விதைக்கற சோளம் வேற, மாட்டுக்குன்னு விதைக்கற சோளம் வேற. செடி ஒண்ணுதான், விதைக்கற அளவும் அறுக்கற நாளும் வேற.

கணக்கு ரொம்பச் சின்னது. கட்டுத்தறியில பெருசு அஞ்சு உருப்படி நிக்குது. பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு எல்லாம் போக, ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ காய்ஞ்ச தட்டாவது வேணும். அஞ்சுக்கு முப்பது கிலோ. தை முதல் ஆடி வரைக்கும் இருநூறு நாள்னு வெச்சுக்கிட்டா ஆறு டன். நல்ல வருஷத்துல எங்க காட்டுல ஏக்கருக்கு ரெண்டு டன் காய்ஞ்ச தட்டு வரும். மழை பொய்ச்சா ஒரு டன்னே பெருசு. மூணு ஏக்கர் சரியா வெளைஞ்சா போர் நெறையும். வெளையலைன்னா சித்திரையில வெளியூர்ல இருந்து லாரியில தட்டு எறக்கணும், இல்லைன்னா ஒரு மாட்டைச் சந்தைக்குப் புடிச்சுட்டுப் போகணும். பஞ்ச காலத்துல எல்லாருமே மாடு விக்க வருவாங்க, வாங்க ஆள் இருக்காது. அப்போ அடிமாட்டு வெலைதான்.

இப்போ திண்ணையில பேச்சுக்கு வந்திருக்கற சோளம் மூணு.

முதலாவது, செஞ்சோளம். அப்பாரு காலத்துல இருந்து இந்தக் காட்டுல வெளைஞ்சது. ஆள் ஒசரத்துக்கு மேல போகும், தட்டு மெல்லிசு, சோகை நெறைய. இப்போ சொந்த விதை இல்லை. சந்தையில மூட்டையில கெடைக்குது, ஆனா எந்த ஊருச் சரக்குன்னு யாருக்கும் தெரியாது. கை நெறைய அள்ளிப் பாத்தா செவப்பு, வெள்ளை, மஞ்சள்னு மூணு நெறமும் இருக்கு.

ரெண்டாவது, கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த கே 12. 2015-ல வெளியான ரகம். தொண்ணூத்தஞ்சு நாள் பயிர். கரிசக்காட்டு மானாவாரிக்குன்னே தேர்ந்தெடுத்தது, மணியும் உண்டு தட்டும் உண்டு. ரகம்தான், வீரிய ஒட்டு இல்லை. அதனால அதுல எடுத்த விதையை நாமே அடுத்த வருஷம் போட்டுக்கலாம்.

மூணாவது, பல தடவை அறுக்கற தீவனச் சோளம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2001-ல கொடுத்த கோ எஃப்எஸ் 29 இந்த வகைதான். சோளத்தையும் சூடான் புல்லையும் சேர்த்து உண்டாக்குனது. முதல் அறுப்பு அறுபத்தஞ்சு நாள், அப்புறம் அம்பது நாளைக்கு ஒரு அறுப்பு, வருஷத்துக்கு ஆறேழு அறுப்பு வரும். ஆனா தண்ணி கட்டணும். இதே மாதிரி தனியார் கம்பெனிகளோட வீரிய ஒட்டுப் பாக்கெட்டுகளும் கடை கடையாத் தொங்குது.

போன வருஷம் நான் அந்தப் பாக்கெட்டைத்தான் வாங்குனேன். இந்தக் கட்டுரையை எழுதறதுக்குக் காரணமே அதுதான்.

அட்டையில இருந்த படத்துல தட்டு பனங்கன்னு மாதிரி நின்னுச்சு. கடைக்காரர் "மூணு அறுப்பு நிச்சயம், மானாவாரிக்கும் வரும்"ன்னார். அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. "தண்ணி கட்டற பயிரைக் காட்டுல கொண்டு போய்ப் போடாத கண்ணு"ன்னாங்க. நான் கேக்கலை. பாக்கெட் வெலை ஜாஸ்தி, அதனால ரெண்டு ஏக்கருக்குப் போட வேண்டியதை மூணு ஏக்கருக்கு எறைச்சேன். ஆவணிக் கடைசி மழையில மொளைச்சு நல்லாத்தான் வந்துச்சு. யூரியாவும் போட்டேன். அப்புறம் வானம் மூடிக்கிச்சு. அக்டோபர் பாதி வரைக்கும் சொட்டு மழை இல்லை. பயிர் முழங்கால் ஒசரத்துலயே சுருண்டு நின்னுச்சு. மாசக் கடைசியில ஒரு மழை. மூணாவது நாளு பாத்தா, காய்ஞ்ச தூரெல்லாம் பச்சைக் குருத்து விட்டு காடே பளபளன்னு இருக்கு. சந்தோசமா வந்து வீட்டுல சொன்னேன்.

அடுத்த நாள் விடியக்காலையில கெடாரி ஒண்ணு கயித்தை அறுத்துக்கிட்டு அந்தக் காட்டுக்குள்ள போயிடுச்சு. ரெண்டு வயசு, அஞ்சு மாசச் செனை. நான் போய்ப் புடிச்சு ஓட்டிட்டு வர்றதுக்குள்ள கால் மணி நேரம் மேஞ்சிருக்கும். கட்டுத்தறிக்கு வந்து சேரலை. வரப்புலயே தள்ளாடி விழுந்துச்சு. மூச்சு எரைக்குது, வாயில நொரை, கண்ணு உருளுது. டாக்டருக்குப் போன் போட்டோம். அவரும் வேகமாத்தான் வந்தார். வர்றதுக்கு முப்பத்தஞ்சு நிமிஷம். அதுக்குள்ள முடிஞ்சு போச்சு.

சோளப்பயிருக்குள்ள ஒரு பொருள் இருக்கு, துரின்னு பேரு. செடியில இருக்கற வரைக்கும் அது சும்மாதான் இருக்கும். மாடு கடிச்சு மெல்லும்போது செடியோட செல் ஒடைஞ்சு அது பிரியும், ஹைட்ரஜன் சயனைடு வெளிய வரும். ரத்தத்துல பிராணவாயு இருந்தும் ஒடம்பு அதை எடுத்துக்க முடியாது. நேரத்துக்குள்ள நரம்புல சோடியம் தயோசல்பேட் ஊசி போட்டா பொழைக்க வழி இருக்கு. இளங்குருத்துல இந்த விஷம் அதிகம். வறட்சியில வாடி, திரும்ப மழை பட்டு விடற குருத்துல இன்னும் அதிகம். அறுத்த தூருல விடற மறுதாம்புலயும் அப்படித்தான். தழைச்சத்து கூடப் போட்டா அதுவும் ஏத்தி விடும். செடி வளர்ந்து பூ எடுக்க எடுக்கக் கொறையும். அறுத்துக் காய வெச்சா இன்னும் கொறைஞ்சுடும்.

இதெல்லாம் புதுசாக் கண்டுபுடிச்ச சங்கதி இல்லை. "கதிர் தெரியாத சோளத்துல மாட்டை விடாதே"ன்னு எங்க ஊருச் சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் யூரியா போட்டேன், தெரிஞ்சுதான் இத்துப்போன கயித்தை மாத்தாம விட்டேன். கடைக்காரர்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். அவர், "எந்தச் சோளத்துலயும் இது உண்டுதானுங்க"ன்னார். அது நெசம். பாக்கெட்டுப் பின்னாடி எச்சரிக்கையும் இருந்துச்சு, இங்கிலீஷ்ல, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல.

இதை ஏன் இவ்வளவு விவரமாச் சொல்றேன்னா, இந்தக் கதையைக் கேட்டதும் "பாத்தீங்களா, வீரிய விதை விஷம், நாட்டு விதை அமிர்தம்"னு சொல்ற ஆளுங்க நெறையப் பேரு. அது பொய். நாட்டுச் செஞ்சோளத்துலயும் இதே விஷம் உண்டு. எங்க அப்பாரு காலத்துலயும் மாடு செத்திருக்கு. சூடான் புல்லுல சோளத்தை விட இந்த விஷம் கொறைவுன்னுதான் சொல்றாங்க. ஆக, விதை நல்லதா கெட்டதாங்கறது இங்க கேள்வியே இல்லை. எந்த விதையை எந்தக் காட்டுல, எந்தத் தண்ணியை நம்பி, எப்படிப்பட்ட கட்டுத்தறிக்குப் பக்கத்துல போடறோம்ங்கறதுதான் கேள்வி. பல தடவை அறுக்கற பயிர்னா ஒவ்வொரு அறுப்புக்கு அப்புறமும் ஒரு ஆபத்தான பருவம் வருது. தண்ணி கட்டற தோட்டத்துல அது சீக்கிரம் வளர்ந்து தாண்டிடும். மானாவாரியில மழை வர்ற வரைக்கும் அங்கயே நிக்கும். அதுவும் என்னை மாதிரி வேலி பாதி சாஞ்சு கெடக்கற காட்டுல. ஒரே அறுப்புப் பயிருக்கு இந்த ஆபத்து ஒரு தடவைதான்.

சரி, நாட்டு விதைன்னு சொன்னா மட்டும் எல்லாம் முடிஞ்சுடாதுங்கறது ஒரு பக்கம். ஆராய்ச்சிக்காரங்க மேலயும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தியாவோட முதல் வீரிய ஒட்டுச் சோளம் சிஎஸ்எச் 1. 1964-ல வந்துச்சு. அதோட தாய்ச்செடி அமெரிக்காவுல இருந்து வந்த கம்பைன் காஃபிர்ங்கற குட்டை ரகம். பேருலயே கம்பைன் இருக்கு பாருங்க, அறுவடை மெஷினுக்கு வாகா இருக்கணும்னு குட்டையாக்குன சோளம் அது. அங்க சரி. அறுத்த காட்டுல தட்டு எவ்வளவு நின்னா என்ன. இங்க அப்படியா? நாடு பசியில கெடந்த காலம், மணி வேணும், அதனால அந்த வழியில போனாங்க, அதையும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா மணியை மட்டுமே எடை போட்டுப் பழகின தராசுல தட்டுக்கு ரொம்ப நாள் எடமில்லாமப் போச்சு. "ஏக்கருக்கு இத்தனை கிலோ மகசூல்"னு சொல்லும்போது மாட்டுக்கு எவ்வளவுன்னு கேக்க ஆளில்லை. மணி கூட வந்தும் எங்க பக்கத்து ஆளுங்க பழைய ஒசரச் சோளத்தை விடாம வெச்சிருந்ததுக்குக் காரணம் அறியாமை இல்லை, மாடு. இப்போ கே 12 மாதிரி ரகங்கள்ல தட்டையும் கணக்குல எடுத்திருக்காங்க. அது நல்ல மாத்தம்.

அதுக்குள்ள இன்னொண்ணு நடந்து போச்சு. சோளம் இருந்த காட்டையெல்லாம் மக்காச்சோளம் புடிச்சுக்கிச்சு. கோழித் தீவனத்துக்கு நல்ல வெலை, வியாபாரி வீட்டு வாசல்லயே எடை போட்டு எடுத்துக்கறான். 2018-ல படைப்புழு வந்து குருத்தைத் தின்னப்பவும் மருந்தடிச்சுட்டு அதையேதான் போடறாங்க. அவங்களைத் தப்பு சொல்ல முடியாது. ஆனா மக்காச்சோளம் ஒடிச்சதுக்கு அப்புறம் நிக்கற தட்டை மாடு சோகையை மட்டும் உருவிட்டு ஒதுக்கிடுது. ஊருல மக்காச்சோளக் காடு கூடக் கூட மாடு கொறையறதை நானே பாத்துட்டு வர்றேன்.

அப்போ எப்படித்தான் விதையைத் தேர்ந்தெடுக்கறது? எங்க அம்மாவோட வழியைச் சொல்றேன். பள்ளிக்கூடம் பாக்காதவங்க. ஆனா போன வருஷம் கெடாரி போனதுக்கு அப்புறம் அவங்க சொல்றதைக் குறுக்க பேசாமக் கேக்கறேன்.

மொதல்ல சோகையோட நடு நரம்பைப் பாப்பாங்க. அது வெள்ளை வெளேர்னு இருந்தா தட்டுக்குள்ள சக்கைதான், சாறு இருக்காது. மங்கின பச்சையா இருந்தா சாறு உண்டு. இது கை வைத்தியம் மாதிரி ஏதோ நம்பிக்கைன்னு நெனைச்சிருந்தேன். பயிர்ப் பெருக்கம் படிச்சவங்களும் இதே அடையாளத்தை வெச்சுத்தான் சாறுத் தட்டையும் சக்கைத் தட்டையும் பிரிக்கறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அடுத்து, கதிர் வந்த தட்டை ஒடிச்சு, கரும்பு கடிக்கற மாதிரி கடிச்சுப் பாப்பாங்க. இனிச்சா எடுத்துக்கலாம். "நம்ம நாக்குக்கு இனிச்சாத்தான் மாட்டு நாக்குக்கும் இனிக்கும் சாமி. வாயில்லாத சீவன்னா ருசி கூடவா இருக்காது?"ன்னு கேப்பாங்க.

அப்புறம் மொத்தம். தட்டு சுண்டுவிரல் மொத்தத்துக்கு மேல போகக் கூடாது. இது ரகத்துல பாதி, விதைக்கற அளவுல பாதி. மணிக்குன்னா ஏக்கருக்கு அஞ்சாறு கிலோ போதும். தீவனத்துக்கு நாங்க இருபத்தஞ்சு கிலோவுக்குக் கொறையாம நெருக்கி எறைப்போம். நெருக்கி மொளைச்சாத்தான் தட்டு மெல்லிசா ஓடும், மாடு மிச்சம் வைக்காது. குருத்து ஈ தின்னு நாலு தூர் செத்தாலும் பக்கத்துல எட்டு இருக்கும். இங்கதான் பாக்கெட் விதை எனக்குச் சரிப்படலை. வெலைக்குப் பயந்து கலக்கப் போட்டேன், கட்டை வெரல் மொத்தத்துக்கு வந்துச்சு. தட்டு வெட்டற மெஷின்ல போட்டுப் பொடியாக்குனாத்தான் திங்கும்னு ஆச்சு. அதுக்குக் கரண்டு, அதுக்கு ஒரு ஆள். விதை வெலையை பாக்கெட்டு மேல பாக்கறோம், மிச்ச வெலை சித்திரையிலதான் தெரியுது.

கடைசியா மொளைப்பு. எந்த விதையா இருந்தாலும் நூறு மணியை எண்ணி எடுத்து, நனைச்ச சாக்குல வரிசையா வெச்சுச் சுருட்டி, நாலஞ்சு நாளு கழிச்சு எண்ணணும். சான்று பெற்ற விதைன்னா எழுபத்தஞ்சாவது மொளைக்கணும்ங்கறது விதி. சந்தையில வாங்குன செஞ்சோள மாதிரியைப் போட்டுப் பாத்தேன், அறுபத்திரெண்டு. கே 12 எம்பத்தெட்டு. பாரம்பரியம்னு பேரு வெச்சதுக்காக மொளைக்காத விதை மொளைச்சுடாது. அதோட சந்தைச் சரக்குல கரிப்பூட்டை நோய் மணியோட ஒட்டிக்கிட்டே வரும், விதை நேர்த்தி பண்ணாமப் போட்டா கதிர் வர்ற நேரத்துல கரிப் பொடிதான் வரும்.

இந்த எடத்துலதான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. "அறுபத்திரெண்டுதான் மொளைக்குது, எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறது, கே 12-ஐயே மூணு ஏக்கருக்கும் போட்டுடலாம்"னு நான். "ஒரு வருஷம் அதையும் பாக்கலாம், ஆனா செஞ்சோளத்தை மண்ணுல இருந்து எடுத்துடாதே"ன்னு அம்மா.

"சந்தையில எப்பவும் கெடைக்குமேம்மா?"

"சந்தைக்கு யாரு கொண்டாருவாங்க? எல்லாரும் பூவுலயே அறுத்து மாட்டுக்குப் போட்டா விதை வானத்துல இருந்தா விழும்?"

இத்தனை வருஷத்துல நான் யோசிக்காத விசயம் அது. தீவனச் சோளத்தைப் பால் புடிக்கற பருவத்துலயே அறுத்துடறோம். முத்துன மணியே கெடையாது. அதனால விதை வேணும்னா யாராவது ஒருத்தர் எங்கயாவது ஒரு துண்டுக் காட்டை அறுக்காம விட்டு முத்த வைக்கணும். முன்னாடி எல்லார் காட்டுலயும் சோறுக்குச் சோளம் இருந்துச்சு, விதை தன்னால வந்துச்சு. சோளச்சோறு திங்கறதை நாம நிறுத்துன அன்னைக்கே விதையும் நம்ம வீட்டுல இருந்து கெளம்பிடுச்சு. இப்போ எங்க ஊருல செஞ்சோள விதை வெச்சிருக்கற வீடு எனக்குத் தெரிஞ்சு ஒண்ணு கூட இல்லை. மூட்டையில மூணு நெறம் கலந்து வர்றது அதனாலதான்.

விதைக்குன்னு பத்து சென்ட் விடலாமேன்னு நீங்க கேக்கலாம். ரெண்டு வருஷம் முன்னாடி விட்டுப் பாத்தேன். சுத்தி இருக்கற காடெல்லாம் அறுத்து வெறுமையா கெடக்க, இந்தப் பத்து சென்ட்டுல மட்டும் கதிர் நின்னா என்ன ஆகும்? ஊரு மயில் மொத்தமும் அங்க வந்து எறங்குச்சு. கௌதாரி, கிளி, குருவி எல்லாம் தின்னுட்டுப் போகட்டும்னு விடலாம், அதுங்களுக்கும் பங்கு உண்டு, எங்க அப்பாரு அதைப் பறவைப் பங்குன்னே சொல்லுவார். ஆனா பங்குன்னா நமக்கும் ஏதாவது மிஞ்சணும். அந்த வருஷம் எனக்கு மிஞ்சுனது ஒரு மொறம். எல்லார் காட்டுலயும் கொஞ்சம் கதிர் நின்னப்போ பறவைங்க பரவித் தின்னுச்சு, யாருக்கும் வலிக்கலை. ஒருத்தன் மட்டும் விதை வெச்சா அவன் தலையில மொத்தமும் விடியுது.

பேசிப் பேசி நேத்து ராத்திரி ஒரு முடிவுக்கு வந்தோம். மேட்டாங்காட்டுல ஒன்றரை ஏக்கர் கே 12, ஒன்றரை ஏக்கர் செஞ்சோளம். மொளைப்புக் கம்மிங்கறதால செஞ்சோளத்தை ஏக்கருக்கு முப்பத்தஞ்சு கிலோ எறைக்கறது. அறுக்கும்போது அம்மா ரெண்டு காட்டுத் தட்டையும் கடிச்சுப் பாப்பாங்க, மாடும் தின்னு பாக்கும், தீர்ப்பு அதுங்க கையில. கெணத்தடி அரை ஏக்கர்ல தண்ணி கட்டி கோ எஃப்எஸ் 29, பச்சைத் தீவனத்துக்கு. அதைச் சுத்திக் கம்பி வேலி போட்டாச்சு, அறுத்த நாளை காலண்டர்ல எழுதி வெச்சு, அம்பது நாளுக்கு முன்னாடி அதுக்குள்ள அருவாளும் போகாது, மாடும் போகாது. பூ எடுக்கறதுக்கு முன்னாடியே அதை அறுத்துடறதால மகரந்தம் காத்துல வந்து செஞ்சோளத்தோட கலக்கற பயமும் இல்லை. மானாவாரி மேல யூரியா கெடையாது, பட்டி எருதான். கட்டுத்தறிக் கயிறு அஞ்சும் புதுசு.

மிச்சம் அரை ஏக்கர். அதுல சந்தை மூட்டையில இருந்து செவப்பு மணியை மட்டும் அம்மா மொறத்துல பொறுக்கி எடுத்துட்டிருக்காங்க. அது விதைக்கு. கே 12 காட்டுல இருந்து தள்ளி, தெக்கால ஓரத்துல. பக்கத்துக் காட்டுக்கார அண்ணன்கிட்ட பேசினேன், அவரும் ஒரு கால் ஏக்கர் அறுக்காம விடறேன்னார். இன்னும் ரெண்டு பேரு சரின்னா மயிலுக்குப் பங்கு பிரிஞ்சுடும்.

இப்போ அந்தச் சென்னை நண்பர்கிட்ட திரும்ப வர்றேன். அன்னைக்கு அவர் பேச்சைக் கேட்டு உள்ளுக்குள்ள சிரிச்சேன். யோசிச்சா அவர் சொன்னதுல பாதி சரி. அரை ஏக்கரைப் பூவுல அறுக்காம முத்த விட்டா, எனக்கு ஒரு டன் கிட்ட நல்ல தட்டு நட்டம். அந்த நட்டத்தை ஈடு கட்டறது அதுல வர்ற மணிதான். விதைக்கு எடுத்தது போக மிச்சத்தை வாங்க ஆள் இருந்தாத்தான் அடுத்த வருஷமும் எவனாவது கதிரை முத்த விடுவான். அதனால நீங்க சோளம் வாங்குங்க, தோசை சுடுங்க, சோறாக்கிக் கம்மங்கூழு மாதிரி மோர் ஊத்திக் குடிங்க. ஆனா ஒடம்புக்கு நல்லதுன்னு மட்டும் வாங்காதீங்க. நீங்க வாங்கற ஒவ்வொரு கிலோவும் ஒரு துண்டுக் காட்டுல விதை முத்தறதுக்குக் கொடுக்கற கூலி. வாங்கும்போது ரகத்தோட பேரைக் கேளுங்க. எந்த ஊருன்னு கேளுங்க. தட்டு என்ன ஆச்சுன்னு கேளுங்க. வெறும் 'பாரம்பரியச் சோளம்'னு சொல்றவருக்கு அது தெரியாதுன்னா, அது எங்க ஊருச் சந்தை மூட்டை மாதிரி மூணு நெறச் சோளமா இருக்கலாம்.

இன்னொண்ணும் இருக்கு. நீங்க சோளமே திங்காதவரா இருந்தாலும் காலையில காபி குடிப்பீங்க. அந்தப் பாலு புல்லுல இருந்து, தட்டுல இருந்து வருது. பால் வெலை லிட்டருக்கு ஒரு ரூபா ஏறும்போது இந்தத் தட்டுப் போரை ஒரு நிமிஷம் நெனைச்சுக்குங்க.

மேக்கால கருக்கிட்டு வருது. அம்மா மொறத்தைத் தூக்கிட்டு உள்ள போறாங்க. இன்னைக்கு ராத்திரி பேஞ்சா நாளை மறுநாள் விதைப்பு. கார்த்திகைக் கடைசியில எந்தத் தட்டு இனிச்சுதுன்னு எழுதறேன்.